சிப்பாய்களுக்குப் போட்ட இலை

காலை பத்தேகால். காரைக்குடியில் பள்ளத்தூர் பேருந்தில் ஏறினேன். போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்காகத் தொடங்கிய ஒரு மருத்துவமனையைப் பார்க்கப் போகிறேன். நோயாளியாக அல்ல, வேடிக்கை பார்ப்பவனாக. இதை நடத்துநரிடம் நானாகவே இரண்டு முறை சொன்னேன்.

"நல்லாத்தான்ணே இருக்கீக. சில்லறை குடுங்க."

பதினொரு மணி. மருத்துவமனை அசல் செட்டிநாட்டு வீடு. பர்மாவில் வணிகம் செய்த குடும்பம். அங்கே போர் மூண்டு ஓடிவந்த வழியில் சிப்பாய்கள்தான் காப்பாற்றினார்களாம். ஊர் சேர்ந்ததும் வீட்டுக்கார ஆச்சி, அடிபட்டுத் திரும்பிய சிப்பாய்களுக்குப் பாதி வீட்டைத் திறந்துவிட்டார். கல்யாணம் நடந்த வளவு முற்றத்தில் கட்டில்கள் வந்தன. கல்யாணச் சீர்வரிசையில் வந்த பித்தளை அண்டாக்களில் கட்டுத்துணி வெந்தது. வீட்டு வழக்கம் மட்டும் மாறவில்லை: செருப்பை வாசலில் விட வேண்டும்.

விட்டேன். நாலடியில் ஒரு துரு ஆணி காலில் ஏறியது. ஊசி என்றாலே எனக்கு உடம்பு உதறும். மூச்சுக் காட்டாமல் உள்ளே போய், தேக்குத் தூண்களை மும்முரமாக ரசித்தேன்.

நர்ஸ் செல்வி தரையைப் பார்த்தார். ஆத்தங்குடிக் கல்லில் சிவப்புத் தடம் என் கால்வரை வந்திருந்தது.

"இங்குட்டு உக்காருங்கண்ணே. டி.டி. ஊசி போடணும்."

"லேசான கீறல்தாம்மா..."

பக்கத்துக் கட்டில் பெரியவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "குண்டடி பட்டவுக கெடந்த எடம். ஆணிக்கு நடுங்குறீகளே!"

நேரம் கடத்த வரலாறு கேட்டேன். "குணமானவங்களை எப்படிம்மா அனுப்புனாங்க?"

"ஆஸ்பத்திரியில போயிட்டு வாங்கன்னு சொல்லக் கூடாது. வெறுமனே போங்கன்னு சொல்ல ஆச்சிக்கு மனசு வரலை. எலை போட்டுச் சாப்பிட வச்சு அனுப்புனாக. இன்னமும் வைத்தியம் முடிஞ்சவுகளுக்கு பின்னால ரெண்டாங்கட்டுல சாப்பாடு."

"வேடிக்கை பார்க்க வந்தவங்களுக்கு?"

"மோரு."

உள்ளிருந்து, அரிசி கழுவிய நீரில் புளி கரைத்துச் செய்யும் வெண்டைக்காய் மண்டியின் வாசம் வந்தது. என் வயிறு கட்சி மாறியது.

"இடது கையில போடும்மா. வலது கை சாப்பிட வேணும்."

போட்டார். நான் போட்ட சத்தத்தில் சமையல்காரரே கரண்டியோடு எட்டிப் பார்த்தார். பெரியவர் கைதட்டினார்.

பன்னிரண்டரை. மண்டியை மூன்று முறை கேட்டு வாங்கினேன். கைகழுவி வந்து, செல்வியிடம் பழக்கதோஷத்தில் "போயிட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"ஐயோ, சொல்லாதீக!"

"பின்னே என்னதான் சொல்ல?"

"நல்லாச் சாப்பிட்டேன்னு சொல்லுங்க. சிப்பாய்க அப்படித்தான் சொல்லிட்டுப் போனாகளாம்."

எங்கள் ஊர் மருத்துவமனைகளில் விடைபெறும்போது இப்படியொரு நிஜத்தைச் சொல்ல எனக்கு வாய்த்ததேயில்லை. வலித்த கையைப் பிடித்துக்கொண்டு, பெரியவருக்கும் கேட்கும்படி சொன்னேன்.