டீக்கன் போட்ட இரண்டு கையெழுத்து

வெர்னீஸ் இருபத்திரண்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில், சொந்தக் காசில் புதுக் கார் வாங்கிய முதல் பெண்பிள்ளை. சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்த அந்தக் காரைத்தான் பின்னால் வந்த பிக்கப் வண்டி ஒன்று இடித்து நசுக்கியது.

பழுது பார்த்தவர் எங்கள் தேவாலயத்தில் சபை ஊழியம் பார்க்கும் டீக்கன் க்ளைட். பட்டறையும் பழைய கார் வியாபாரமும் அவருக்கு ஒரே வாசல். வேலையில் குறை சொல்ல முடியாது, பளபளவென்றுதான் கொடுத்தார். ஆனால் விபத்து என்று ஒருமுறை பதிவாகிவிட்டால் காரின் விலை இறங்கிவிடும். ஜார்ஜியாவில் அந்த இறக்கத்தையும் இடித்தவனின் இன்சூரன்ஸிடம் கேட்கலாம். வெர்னீஸ் கேட்டாள். மறுத்துவிட்டார்கள். மறுப்போடு டீக்கன் அவர்களுக்குக் கையெழுத்துப் போட்டு எழுதிய கடிதமும் வந்தது: 'கார் புதுசு போலவே இருக்கிறது. மதிப்பு துளியும் குறையவில்லை.'

"விடாதே, சண்டை போடு," என்றேன்.

"டீக்கன் சொன்னா சரியாத்தான் இருக்கும்டி. அவர் பொண்டாட்டி அடக்கத்துல பாடினவ நானு. எனக்குப் போய் துரோகம் பண்ணுவாரா?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த இன்சூரன்ஸ்காரர்கள் அனுப்பும் வண்டிகளால்தான் அவர் பட்டறையே ஓடுகிறது என்பது ஊருக்கே தெரியும். வெர்னீஸுக்கும் தெரியும். ஆனாலும் கடிதத்தை மேசைக்குள் போட்டு மூடிவிட்டாள்.

எட்டு மாதம் கழித்து அவள் கணவன் ஆல்டனுக்குப் பக்கவாதம் வந்தது. சக்கர நாற்காலியை ஏற்ற, சரிவுப் பலகை வைத்த வேன் வேண்டும். இல்லாவிட்டால் மனிதர் வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். டீக்கனிடம் அப்படி ஒன்று நின்றது. காரைக் கொடுத்து அதை எடுக்கலாமென்று நாங்கள் இருவரும் போனோம்.

டீக்கன் காரை ஒரு சுற்று சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினார்.

"அடிபட்ட வண்டி, சிஸ்டர். நாலாயிரம் டாலர் கொறைச்சுத்தான் எடுக்க முடியும்."

"மதிப்பு கொறையலைன்னு நீங்கதானே எழுதினீங்க, பிரதர்?"

"அது அவங்களுக்கு எழுதினது. இது யாவாரம்."

வெர்னீஸின் முகம் செத்துப்போனது. குரல் மட்டும் மாறவில்லை.

"எதுக்காகக் கொறைக்கிறீங்கன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஆல்டன்கிட்ட காட்டணும்."

மனிதர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். ஆல்டனுக்கும் காட்டினாள், நீதிமன்றத்திலும் காட்டினாள். இடித்தவன் மேல் வழக்கு, டீக்கனுக்குச் சாட்சி சொல்ல அழைப்பு. நாலாயிரம் கிடைத்தது, வேறு ஊரில் வேனும் கிடைத்தது.

ஆனால் என் காதில் இன்னும் நிற்பது தீர்ப்பு அல்ல. அதற்கு முன்னால், இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீதிபதி கேட்டார்:

"இவரை உங்களுக்குத் தெரியுமாம்மா?"

ஞாயிற்றுக்கிழமை போடும் அதே சாம்பல் நிறக் கோட்டில் டீக்கன் தலை குனிந்து நின்றார். வெர்னீஸ் அவரை நேராகப் பார்த்தாள்.

"இருபது வருஷமா ஒரே பெஞ்சில உக்காந்து ஜெபம் பண்ணினோம், ஐயா. தெரியாது."