நாற்காலிகள் நகர்ந்த இடம்

ஆக்னஸ் அருள்தாஸ் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, அவருடைய வேலையாகவே ஓர் அரசு அலுவலக வராந்தாவில் மனுவுடன் காத்துக்கொண்டிருந்தேன். சாப்பிடப் போன அதிகாரி இன்னும் திரும்பவில்லை. கைப்பேசியில் ஆக்னஸின் தங்கை தெரசா அழைத்தார்.

"சுந்தர் அண்ணா, அக்கா போயிட்டாங்க. இனிமே அங்க நிக்காதீங்க, வந்துடுங்க."

நான் உடனே கிளம்பவில்லை. மனுவைக் கொடுக்காமல் போனால் ஆக்னஸ் திட்டுவாரே என்றுதான் முதலில் தோன்றியது. திட்ட ஆளில்லை என்பது மண்டையில் ஏறச் சற்று நேரம் பிடித்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆக்னஸ் கட்டடக்கலைஞர். புனேயில், கட்கியில் பிறந்து வளர்ந்தவர். வேலூர்ப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஆக்னஸ் தமிழ் பேசுவார், படிக்க வராது. நான் எதையாவது தமிழில் எழுதினால், "வாசிச்சுக் காட்டுங்க, இல்லன்னா என்னைப் பத்தி தப்பா எழுதினதா வெச்சுக்குவேன்" என்பார். இதையும் அவருக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். யாருக்கு வாசிப்பது என்று தெரியாமல்தான் அச்சுக்குக் கொடுக்கிறேன்.

நான் கோயம்புத்தூரிலிருந்து வந்தவன். நானும் அவரும் கட்கி கடைவீதியில் ஒரு பெயிண்ட் கடைக்கு மேலே சேர்ந்து அலுவலகம் நடத்தினோம். முதல் வேலைக்கு நான் அளவு நாடாவோடு போய் நின்றேன். அவர் ஒரு டெம்போவில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். அவற்றை நாங்கள் வடிவமைக்க வேண்டிய காலி இடத்தில் வரிசையாகப் போட்டுவிட்டு, "வாங்க, சாய் குடிக்கலாம்" என்றார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஒன்றுகூடப் போட்ட இடத்தில் இல்லை. நிழலுக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று, பேச்சுத் துணைக்கு இரண்டு என்று ஜனங்கள் இழுத்துப் போட்டிருந்தார்கள்.

"அரே சுந்தர், பாதி பிளானை அவங்களே போட்டுட்டாங்க. மீதியைத்தான் நாம வரையணும்" என்று சிரித்தார்.

கடைசிவரை அவர் வேலை செய்த விதம் இதுதான். சில நாற்காலிகள் களவு போகும். "அந்த வீட்டுல நாற்காலி இல்ல போல" என்பதோடு விட்டுவிடுவார்.

கட்கியில் பஸ் நிறுத்தத்துக்கும் லோக்கல் ரயில் நிலையத்துக்கும் நடுவே, பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நிற்கும் சரிவு இருக்கிறது. குப்பை கொட்டிக் கிடந்த அதைச் சரிசெய்து தரும் வேலை எங்களுக்கு வந்தது. நாற்காலிகள் ஒரு வாரம் அங்கே கிடந்தன. அவை போன இடங்களில் எல்லாம் ஆக்னஸ் கருங்கல்லைப் பதித்தார். எட்ட நின்று பார்த்தால் வெறும் சரிவு; உட்கார்ந்து பார்த்தால் ஒவ்வொரு கல்லுக்கும் முதுகு சாய ஒரு மேடு, கால் வைக்க ஒரு பள்ளம். ஷிஃப்ட் முடித்து வருபவர்கள் அங்கே சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்கள். மேதி என்கிற வெந்தயக் கீரை விற்கும் பெண்கள் வெயில் தாழும்வரை அங்கேயே இருப்பார்கள். யாரும் யாரையும் எழுந்து போகச் சொன்னதில்லை.

அந்த இடத்துக்காக நாங்கள் ஒருமுறை நன்றாகச் சண்டை போட்டோம். ஒரு சின்ன கேட், ஒரு பெயர்ப்பலகை, திறப்பு விழாவுக்கு ஒரு கல்வெட்டு வேண்டும் என்றேன். ஆக்னஸ் கையை உதறினார். "கேட் வெச்சா அதுக்கு ஒரு பூட்டு வரும். பூட்டு வந்தா வாட்ச்மேன் வருவான். அவன் மொதல்ல அந்தக் கீரைக்காரம்மாவைத்தான் கிளப்புவான். பேர் எழுதினா அது யாரோடதோ ஆயிடும். வேணாம் சுந்தர். யார் செஞ்சதுன்னே தெரியக் கூடாது. மரத்தடி மாதிரி சும்மா இருக்கட்டும்." அவர் சொன்னதே நடந்தது. விழாவும் இல்லை, பலகையும் இல்லை. அந்தத் துணிச்சலைப் பார்த்து எனக்குப் பொறாமைகூட வந்தது.

அதுதான் எங்களைக் கவிழ்த்தது. அவர் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்தபோது, அங்கே அடுக்கு வாகன நிறுத்தம் வரப்போகிறது என்று தெரிந்தது. எங்கள் ஆட்சேபம் மீதான விசாரணை நாளில், தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, தெரசாவின் கையைப் பிடித்தபடி ஆக்னஸ் படியேறி வந்தார். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். வரைபடத்தை எங்கள் பக்கம் திருப்பி, "ரிகாமீ ஜாகா ஆஹே, மேடம்" என்றார். காலி இடம்தானே என்கிறார். சுவர் இல்லை, கேட் இல்லை, பெயர் இல்லை. அதனால் அவர்கள் கணக்கில் அங்கே எதுவும் இல்லை. இடித்தாலும் எதையும் இடித்ததாக ஆகாது. "அங்கே ஆட்கள் உட்காருகிறார்கள்" என்று நான் இந்தியில் கத்தினேன். "எல்லா காலி இடத்திலும் ஆட்கள் உட்காரத்தானே செய்வார்கள்" என்றார் அவர்.

ஆக்னஸ் திரும்பி வரும் ஆட்டோவில்தான் பேசினார். "நான்தான் தொலைச்சேன் சுந்தர். ஒரு கேட் போட்டிருந்தா இன்னிக்கு நின்னிருக்கும்."

"அப்படிச் சொல்லாதீங்க."

"பின்ன எப்படிச் சொல்ல? என் பிடிவாதம். பெரிசா பேசினேன்."

கேட் போட்டிருந்தால் அது அந்த இடமாகவே இருந்திருக்காது என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் உண்மையை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் என்ன செய்வது? மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோதும், "மரம் இருக்கா?" என்று மட்டும்தான் கேட்டார். "இருக்கு" என்றேன். அன்று அது பொய்யில்லை.

அடக்கத்தன்று அவர்கள் குடியிருப்பின் வாகனம் நிறுத்தும் இடத்தில் வாடகை நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். பாதிரியார் வருவதற்குள் வரிசை கலைந்துவிட்டது. சிலர் சுவரோர நிழலுக்கு இழுத்துப் போயிருந்தார்கள். தெரசாவைச் சுற்றி ஒரு வட்டம் தானாகவே உருவாகியிருந்தது. "ஆக்னஸ், பாருங்க" என்று சொல்ல வாயெடுத்துத் திரும்பினேன். பெட்டிக்குள் இருந்தார். அந்த இடத்தில்தான் நான் உடைந்துபோனேன். எத்தனையோ பேர் முன்னால் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

மறுநாள் போனால் சரிவைச் சுற்றித் தகரத் தடுப்பு. உள்ளே கற்களைப் பெயர்க்கும் சத்தம். மரத்துக்குத் திங்கட்கிழமை ஆள் வருகிறார்களாம். அன்று நான் காத்திருந்து கொடுத்த மனுவுக்கு முத்திரை குத்தித் தந்தார்கள், பதில் தரவில்லை. இனி தட்டுவதற்கு எந்தக் கதவு என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததாக நடிக்கவும் தெம்பில்லை.

வேறு எதுவும் தோன்றாமல், அலுவலகத்தில் மிஞ்சியிருந்த சிவப்பு நாற்காலிகளைக் கொண்டுபோய்த் தடுப்புக்கு வெளியே நடைபாதையில் வரிசையாகப் போட்டுவிட்டு வந்தேன். சாயங்காலம் போனேன். தகரத்துக்கு மேலாக ஒரே ஒரு கிளை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நிழல் விழுந்த அந்தக் கொஞ்ச இடத்தில், எல்லா நாற்காலிகளும் இடித்துக்கொண்டு நெருக்கமாகக் கிடந்தன. கீரைக்காரம்மா ஒன்றில் உட்கார்ந்து கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

ஆக்னஸ், நாற்காலிகள் நகர்ந்துவிட்டன. எங்கே என்று பார்த்துவிட்டேன். திங்கட்கிழமைவரை நிழல் இருக்கும். வரைய நீங்கள்தான் இல்லை. போய் வாருங்கள்.