எடைமேடைக் கேபினில் ஒரு வால்ட்ஸ்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் அப்பா கடையின் பில் மேசையில் உட்காரும் பெர்சிஸுக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் வயலினுக்கு இன்னும் நீளம். முப்பத்தொரு வயதில், சர்ச்சில் கற்ற மேற்கத்திய வயலினை வைத்துக்கொண்டு, ஜோடி சேர்ந்து வாசிக்க ஓர் ஆள் தேடி அலைந்தாள். சர்ச் பையன்கள் நன்றாகத்தான் வாசித்தார்கள். ஆனால் அவரவர் பாட்டுக்கு வாசித்தார்கள்.

தேடிய ஆள் நூறடி தள்ளித்தான் இருந்தான். கம்பி லாரிகளை எடை போடும் எடைமேடையின் கேபினில் ஷாகுல் ஹமீதுக்கு வேலை. தண்டையார்பேட்டைக்காரன், அவளைவிட நாலு வயது சின்னவன், போனைப் பார்த்தே கிதார் படித்தவன். ஒருநாள் எடைச் சீட்டு வாங்கப் போனவள் அவன் வாசிப்பதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். மறுநாள் வயலினோடு போனாள்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு வேளையில் கேபினில் பயிற்சி. ஒரு பழைய வால்ட்ஸை, மூன்று தட்டில் சுழலும் மேற்கத்திய நடன இசையை, எடுத்துக்கொண்டார்கள். ஆனால் லாரிக்கு வால்ட்ஸ் தெரியுமா? மேடையில் ஏறி நின்றதும் டிரைவர் ஹாரன் அடிப்பார். இருவரும் எந்த ஸ்வரத்தில் இருந்தாலும் சட்டென்று நிறுத்துவார்கள். ஷாகுல் எடை பார்த்துச் சீட்டை நீட்டுவான். லாரி இறங்கி இரும்புத் தளம் தடக்கென்றதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். ஒன்றரை வருடம் இப்படியே ஓடியது.

பிறகுதான் ராயபுரத்தில் மாதாமாதம் இசை மாலை நடத்தும் வில்சன் மாஸ்டர் பெர்சிஸை அழைத்தார். ஷாகுலோடுதான் வாசிப்பேன் என்றாள் அவள். அவனுக்கு நோட்டேஷன், அதாவது தாளில் எழுதிய இசைக்குறிப்பு, படிக்கத் தெரியாது என்றதும் அவர் முகம் சுருங்கியது.

"இந்த ஒரு தடவ பாக்குறேன். தப்பு பண்ணினான்னா அடுத்த மாசம் உன்கூட பெனிட்டோ வாசிப்பான்" என்றார். பெனிட்டோ அவரிடம் கிதார் படிக்கும் முதன்மை மாணவன்.

"தப்பு வராது மாஸ்டர்" என்றாள் பெர்சிஸ். வாய்தான் நீளமாயிற்றே.

கச்சேரி நாள். வில்சன் மாஸ்டர் நோட்டேஷன் தாளை மடியில் விரித்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாதி வரை வால்ட்ஸ் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போனது. அப்போது வெளியே ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் ஒன்று நீளமாக ஹாரன் அடித்தது.

இருவரும் நிறுத்திவிட்டார்கள். ஷாகுல் எடை பார்க்கப் பாதி எழுந்தே விட்டான்.

இங்கே தடக்கென்று சொல்ல இரும்புத் தளமும் இல்லை. யார் தொடங்குவது? தன் மானம் போவதைப் பற்றி பெர்சிஸுக்குக் கவலையில்லை. ஷாகுலின் இடம் பெனிட்டோவுக்குப் போய்விடுமே என்றுதான் பயந்தாள். ஆனால் கை அவள் பயத்துக்குக் காத்திருக்கவில்லை. வில் கம்பியில் இறங்கிய அதே நொடியில், விட்ட அதே ஸ்வரத்தில், கிதாரும் இறங்கியது. ஒருவரையொருவர் பார்க்கக்கூட இல்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் வில்சன் மாஸ்டர் தாளோடு வந்தார்.

"இங்க நிறுத்தம் எழுதலையே. யாரு சைகை காட்டினது?"

"யாரும் காட்டல சார். வண்டி வந்துச்சு, நின்னோம். வண்டி எறங்குற டைம் ஆச்சு, ஆரம்பிச்சோம். வேற இன்னா கீது?" என்றான் ஷாகுல்.

மாஸ்டர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெர்சிஸுக்குப் பொறுக்கவில்லை. "தப்புதான் மாஸ்டர். ஆனா இவன் இல்லாத மேடைக்கு நானும் வரமாட்டேன்."

"பெனிட்டோ தாள்ல எழுதியிருந்தாத்தான் நிப்பான்மா. உன்கூட இப்படி நிக்க அவனால ஆகாது" என்று பென்சிலை எடுத்தார். "அடுத்த மாசமும் ரெண்டு பேரும் இதையே வாசிங்க. இந்த நிறுத்தத்தோட. எத்தனை கவுண்ட்னு எழுதட்டும்?"

பெர்சிஸ் ஷாகுலைத் திரும்பிப் பார்த்தாள். ஒருநாளும் எண்ணியதில்லையே.

"பன்னண்டு சக்கர வண்டி ஒண்ணு எறங்குற நேரம்னு போட்டுக்க சார்" என்றான் ஷாகுல்.

வில்சன் மாஸ்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.