பதிமுகத் தண்ணீர் நிறத்தில் தங்கம்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்களில் நான் திருவனந்தபுரத்தில் ஒரு வேதியியல் ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவி. வலியசாலையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். ஒரு வருடம் ஆய்வகத்தை இரண்டு நாள் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார்கள். நானோ தொழில்நுட்பத்தை விளக்கும் மேஜை என் பொறுப்பு.

ஒரு வாரம் உட்கார்ந்து ஆங்கிலத்தில் நான்கு பெரிய அட்டைகள் எழுதினேன். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோமீட்டர் என்று தொடங்கும். யாரும் படிக்கவில்லை. பக்கத்து மேஜையில் ரோஜாப்பூவைக் குளிரில் உறையவைத்து நொறுக்கிக் காட்டினார்கள், கூட்டமெல்லாம் அங்கே. ஒரே ஒரு அம்மாள் என் முன்னால் நின்றாள். ஆவலோடு எழுந்தேன். "மோளே, பாத்ரூம் எவிடெயா?" என்று கேட்டாள்.

மதியத்துக்கு மேல் ஒருவர் வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், திருவனந்தபுரத்து ஆரியசாலையில் ஒரு பட்டறையில் நகை செய்யும் ஆசாரி. மேஜை மேல் சிவப்புக் கரைசலோடு இருந்த குடுவையைக் குனிந்து பார்த்தார்.

"இது என்ன மக்ளே, ஓட்டல்ல பதிமுகப் பட்டை போட்டுக் குடிக்கத் தாற வெள்ளமா?"

"இல்லை, தங்கம். ரொம்பப் பொடிசாயிட்டா தங்கம் இந்த நிறத்துலதான் தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. "முப்பது வருசமா இதுதான் எனக்க சோலி. தங்கம் சொவந்து நான் கண்டது இல்ல. மஞ்சளாக்கிக் காட்டு, நம்புதேன்."

புத்தகத்தில் படித்த பதில்கள் எதுவும் உதவாது என்று புரிந்தது. "உப்புப் போட்டா துகளெல்லாம் ஒண்ணாச் சேர்ந்து அடியில தங்கிடும். அலசிக் காயவெச்சுத் தரேன். நாளைக்கு வாங்கோ, நீங்களே உருக்கிப் பாருங்கோ" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. நான் அதுவரை அப்படிச் செய்து பார்த்ததே இல்லை.

குடுவையில் உப்பைப் போட்டதும் சிவப்பு நீலமானது. மறுநாள் காலை தண்ணீரை இறுத்து, அலசி, காயவைத்தேன். மிஞ்சியது அடுப்புக்கரி மாதிரி ஒரு சிட்டிகைக் கறுப்புப் பொடி. எனக்கே அது தங்கமாகத் தெரியவில்லை.

நான் சொன்னபடியே அவர் மதியத்துக்கு மேல் வந்தார், பட்டறையிலிருந்து இரண்டு பேரோடு. ஊதுகுழலும், விளக்கும், பொன் உருக்கும்போது தூவும் வெங்காரம் கொஞ்சமும் கையில். தீ என்றதும் எங்கள் பேராசிரியை முகம் சுளித்தார். பிறகு மணல் வாளியைப் பக்கத்தில் வைக்கச் சொல்லி, தானும் வந்து நின்றார். ஆசாரி பொடியைக் கரித்துண்டின் குழியில் இட்டு, வெங்காரம் தூவி, கன்னம் உப்ப ஊதினார். ரோஜாப்பூவை விட்டு ஆட்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். கறுப்பு சுருண்டது, கனன்றது, திரண்டு ஒரு துளியாக உருண்டது. அவர் ஊதுவதை நிறுத்தினார். ஆற ஆற, கடுகைவிடச் சின்னதாய் ஒரு மஞ்சள் மணி.

கூடத்தில் கைதட்டல். அவர் அதைக் கவனிக்காமல் மணியை நகத்தால் உருட்டிக்கொண்டே தன் ஆட்களிடம் சொன்னார்: "அரத்துல ராவுனா பொடி விழும்லா? அதைப் பின்னயும் பின்னயும் ராவி, கண்ணுக்கே தெரியாத பருவம் ஆனா நெறம் மாறிரும். உருக்குனா பழைய ஆளுதான். கேட்டியளா?"

நாங்கள் ராவவில்லை, கரைசலில் துகளை வளர்த்தோம் என்று திருத்த வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். கூடியிருந்த அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டிருந்தது. ஒரு பள்ளிக்கூடச் சிறுமி, "அப்போ வெள்ளியோ?" என்று கேட்டாள். வெள்ளி மஞ்சளாகும் என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று சாயங்காலம் வரை கேள்விகள் ஓயவில்லை, என் தொண்டை கட்டிக்கொண்டது.

அந்த அட்டைகளை நான் மறுபடி மாட்டவில்லை. அடுத்தடுத்த வருடங்களில் ஆய்வகத்தைத் திறந்தபோதெல்லாம் மலையாளத்தில் மூன்றே வரி எழுதிவைத்தேன், அரப்பொடியில் தொடங்கி. துகள் வளர்ந்த கதையை, நின்று கேட்டவர்களுக்கு மட்டும் சொல்வேன். ஊரை விட்டு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. எத்தனையோ அரங்குகளில் பேசியிருக்கிறேன். அந்தப் பிற்பகலில் மேஜையைச் சுற்றி நெருக்கியடித்து நின்றவர்களின் வியர்வை மணத்துக்கு இப்போதும் ஏங்குகிறேன்.