எங்கள் கிறீச்சு வண்டி

"கிறீச்… கிறீச்… கிறீ…ச்." பாகலூர்ச் சாலையின் கடைசி வளைவில் எங்கள் வேன் திரும்பும்போதே இந்தச் சத்தம் ஊருக்குள் வந்துவிடும், அதற்குப் பிறகு புழுதி வரும், அதற்கும் பிறகுதான் வண்டி வரும். பெங்களூரில் மிலிட்டரிக்காரர்கள் ஏலத்தில் விட்டதை எங்கள் நைனா எடுத்துவந்து, பச்சைக்கு மேல் நீலப் பெயின்ட் அடித்து, வார நாளில் கத்திரிக்காயும் முட்டைக்கோசும் ஏற்றி ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமையானால் அதே வண்டியில் பலகை போட்டு எங்களை ஏற்றுவார். அந்த ஐம்பதுகளில் எங்கள் சுற்றுவட்டாரத்தில் அப்பனை "நைனா" என்று கூப்பிடும் வீடுகள் எத்தனையோ உண்டு, சொந்தமாக வேன் வைத்திருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான் என்று ஒன்பது வயதில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்; இப்போது கேட்டாலும் சொல்வேன். அப்பேர்ப்பட்ட வண்டிக்கு ஊர்ப் பிள்ளைகள் வைத்த பெயர் "கிறீச்சு வண்டி". கேட்டால் பற்றிக்கொண்டு வராதா?

சத்தம் பின்சக்கரத்துக்கு மேலே இருந்த "பட்டை"யிலிருந்து வந்தது. வளைந்த இரும்புத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பூட்டியிருப்பார்கள், வண்டியின் பாரமெல்லாம் அதன்மேல்தான். வண்டி காலியாக இருந்தால் வாயே திறக்காது. ஆள் ஏறிப் பட்டை அமுங்கினால் போதும், கத்தத் தொடங்கிவிடும். ஓசூரில் பட்டறை வைத்திருந்த ராமண்ணா, தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் திட்டிக் கன்னடத்தில் முடிக்கிற மனிதர், பட்டையைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் தடவிப் பூட்டிக் கொடுப்பார். பத்து நாள் சத்தம் இருக்காது. பிறகு மறுபடியும் கிறீச். இப்படி இரண்டு முறை ஆயிற்று.

நைனாவுக்குக் கேலியைவிடப் பயம்தான் பெரிது. "கத்தற பட்டை ஒரு நாளு முறிஞ்சே தீரும். புள்ளைங்கள வெச்சிக்கினு எறக்கத்துல முறிஞ்சா என்னா பண்றது?" என்பார். மூன்றாம் முறை பூட்டிக்கொண்டு வந்த அன்று, "இன்னொரு தபா சத்தம் வந்துது, வண்டியப் பேரிகைக்காரருக்கே குடுத்துடுவன்" என்று அடித்துச் சொல்லிவிட்டார். பேரிகையில் ஒரு மண்டிக்காரர் எங்கள் வேன்மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்தார்.

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நைனா சாமி கும்பிடாத கட்சி. வண்டி வந்த அன்று சக்கரத்துக்கு ஓர் எலுமிச்சம்பழம் வைக்கக்கூட விடவில்லை. "கண்ணுமில்ல, திருஷ்டியுமில்ல, ஓட்டறவன் ஒழுங்கா ஓட்டினாப் போதும்" என்றுவிட்டார். அம்மா பழத்தை எடுத்து மடியில் முடிந்துகொண்டாள். மூன்றாம் முறை பூட்டிய அந்த வாரமே, வெள்ளிக்கிழமை காலையில், நைனா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருக்க, கண்ணாமூச்சி ஆட்டத்தில் வேனுக்கு அடியில் ஒளிந்திருந்த என் முகத்துக்கு எதிரே அம்மாவின் முகம் வந்து நின்றது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மல்லாந்து உள்ளே நகர்ந்துவந்தவள் கையில் தேய்ந்த குதிரை லாடம் ஒன்று! அதைப் பட்டையை ஒட்டிக் கருப்புக் கயிற்றால் கட்டினாள்.

"வெளிய மூச்சு விட்டியோ, தோல உரிச்சிடுவன்" என்றாள் முதலில். பிறகு அவளே குரலைத் தணித்து, "ஓடித் தேஞ்ச இரும்புடி இது, ஓடற வண்டிய அது காப்பாத்தும். மூணு வாட்டி கட்டினன், மூணும் கழண்டு எங்கியோ வுழுந்துடுச்சி. ஊரு கண்ணு அவ்ளோ பொல்லாதது. இந்த வாட்டி நல்லா இறுக்கிட்டன்" என்றாள். எனக்கு ஒரே பெருமை. எங்கள் வண்டிக்கு ரகசியக் காவல் இருக்கிறது, அது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும்!

ஞாயிற்றுக்கிழமை, மாம்பழக் காலம், கிருஷ்ணகிரியில் மாமா தோப்புக்குப் புறப்பட்டோம். நானும் இரண்டு தம்பிகளும் பின்னால் பலகையில், அம்மா முன்னால். ஓசூர் தாண்டியதுமே கிறீச். சூளகிரி வந்ததும் நைனா, நேரே போக வேண்டிய வண்டியைச் சட்டென்று இடது பக்கம் ஒடித்தார்.

"இது பேரிகை ரோடாச்சே!" என்றாள் அம்மா.

"ஆமா. வண்டிய வுட்டுட்டு பஸ்ஸுல வூட்டுக்குப் போலாம்."

பஸ்ஸிலா! தம்பிகள் அழத் தொடங்கினார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை. பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தையே கேட்டேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது சரியாக என் காலுக்குக் கீழே, வெள்ளிக்கிழமை அம்மாவின் கை இருந்த அதே இடத்திலிருந்து வந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. சொன்னால் அம்மா தோலை உரிப்பாள், சொல்லாவிட்டால் வண்டி போய்விடும். போகட்டும் தோல்!

"நிறுத்து நைனா! அம்மா கட்டின லாடந்தான் கத்துது!"

வண்டி நின்ற வேகத்தில் சின்னத் தம்பி பலகையிலிருந்து உருண்டான். நைனா சலவை வேட்டியோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார். "மேல நின்னு குதிங்க!" என்று கீழேயிருந்து கத்தினார். குதிக்கச் சொன்னால் விடுவோமா? மூன்று பேரும் குதித்த குதியில் வேனே ஆடியது. கிறீச், கிறீச்! "ஆப்டுச்சி! ஆப்டுச்சி! இன்னும் குதிங்க!" என்று நைனாவும் எங்களோடு சேர்ந்து சின்னப் பிள்ளையாகக் கூவினார். பட்டை அமுங்கும்போதெல்லாம் லாடத்தில் உரசிக்கொண்டிருந்தது.

வெளியே வந்தவரின் வேட்டி முழுக்கக் கிரீஸ், கையில் லாடம். அம்மா தலையைக் குனியவில்லை.

"நாந்தான் கட்டினன். இவ்ளோ தூரம் ஓட்றீங்களே, உங்க உசுருக்குத்தான் கட்டினன்."

"உங்க எல்லாரு உசுருக்கும் பயந்துதாண்டி நான் இத விக்கப் போனன்" என்றார் நைனா. பிறகு லாடத்தைத் தூக்கி எறிவார் என்று நாங்கள் பார்த்திருக்க, அதை அம்மா மடியில் வைத்துவிட்டு வண்டியைக் கிருஷ்ணகிரிப் பக்கம் திருப்பினார். வழி நெடுக ஒரு சத்தமில்லை. அன்று தின்ற மாம்பழத்துக்கு ஈடாக அதன் பிறகு நான் ஒன்று தின்றதில்லை. என் தோலும் உரியவில்லை.

மறுநாள் பட்டறைக்குப் போனபோது ராமண்ணா தன் இரும்புக் குப்பை டப்பாவைக் கவிழ்த்து, மண்ணும் கிரீஸுமாக மூன்று லாடங்களை எடுத்துப் போட்டார். "ரோட்ல கெடந்தது கயித்தோட சிக்கிக்கிச்சின்னு நெனச்சன் அண்ணா" என்று தலையைச் சொறிந்தார். நான்காவது லாடத்தை நைனா வண்டியின் நெற்றியில் போல்ட் போட்டு முடுக்கச் சொன்னார். யாராவது கேட்டால், "சும்மா, அழகுக்கு" என்பார்.

அந்த வேன் பழைய இரும்புக்குப் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. போகும் முன் லாடத்தை மட்டும் நான் கழற்றி வைத்துக்கொண்டேன். ராமண்ணாவின் பட்டறை இல்லை, முட்டைக்கோசு விளைந்த நிலத்தில் கம்பெனி நிற்கிறது, சத்தத்தை வைத்து இன்னார் வண்டி என்று சொல்லக்கூடிய காதும் ஊரில் இல்லை. என் மகன் கார் வாங்கியிருக்கிறான், கண்ணாடியை ஏற்றிவிட்டால் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது. போன வாரம் வேலையிலிருந்து வந்தவன் சாவியை மேசையில் போட்டுவிட்டு, "அம்மா, டிக்கியில ஏதோ கிறீச்சுன்னு சத்தம் வருதும்மா. எங்கேன்னே தெரியல" என்றான்.

"ரோடு சரியில்லப்பா" என்றேன்.

வரும் வெள்ளிக்கிழமை கயிற்றை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்ட வேண்டும்.