பார்சல் வண்டியின் முன் கண்ணாடி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கடிதத்தைத் தவிர வேறொன்றும் எழுதிப் பழக்கமில்லை. அந்தப் பார்சல் வண்டியைப் பற்றி ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் போனதால் எழுதுகிறேன்.

ரயில் என்றதும் நீளமாக நினைக்க வேண்டாம். ஒரே ஒரு பெட்டி. அதன் வயிற்றுக்குள்ளேயே டீசல் எஞ்சின். இரண்டு முனையிலும் ஓட்டுநர் இருக்கும் சின்ன அறை, நடுவில் முழுக்கப் பார்சல். நான் வந்து சேர்ந்த இந்தக் குளிர் நாட்டில் ரயில்கள் மின்சாரக் கம்பிக்குக் கீழே ஓடுகிறவை. பள்ளத்தாக்கில் இருந்த பார்சல் கொட்டகைக்கு மட்டும் யாரும் கம்பி இழுக்கவில்லை. அங்கிருந்து ஒரு சுரங்கத்தைத் தாண்டிப் பெரிய ஸ்டேசனுக்கு இந்த வண்டி நாளுக்கு ஆறு தரம் போய் வரும். மார்கழியில் நத்தார்ப் பண்டிகை நெருங்கினால் எட்டுத் தரம். அப்போது பார்சல் கூரை வரைக்கும் ஏறி நிற்கும்.

பதினொரு மணிக்கு வண்டி கொட்டகைக்குத் திரும்பும். நாற்பது நிமிடம் நிற்கும். அந்த நாற்பது நிமிடமும் என்னுடையது. நான் குடியிருக்கும் பூம்ப்ளிஸிலிருந்து ரயிலும் பஸ்ஸுமாக வந்து, வாளியும் துணியுமாக நான் அங்கே நிற்பேன்.

ஓட்டுநர் இந்த நாட்டுக்காரர், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தவர். நான் துடைத்த தரையை மிதிக்க வேண்டி வந்தால் பழைய பத்திரிகையை விரித்து அதன்மேல் நடப்பார். மார்கழியில் ஆரஞ்சு நிறத் தோடம்பழம் ஒன்றை ஆசனத்தில் வைத்துவிட்டுப் போவார். எனக்கு வைத்தது என்று தெரிந்தாலும் முதல் வருடம் எடுக்கக் கூச்சமாக இருந்தது. அடுத்த நாள் அதே இடத்தில் இரண்டு இருந்தன. அவர் பாஷை எனக்குத் தெரியாது, நாங்கள் கதைத்தது அவ்வளவுதான்.

அந்தக் கடைசி வருடம், முதல் உறைபனி விழுந்த கிழமை, வண்டியில் கொட்டகைப் பக்கம் பார்த்த ஓட்டுநர் அறையின் முன் கண்ணாடியில் சாம்பல் படிந்தது போல் ஏதோ கண்டேன். உள்பக்கம். வெளியே படிகிற அழுக்கு எனக்குத் தெரியும், அது மண்ணிறம். இது வேறு. துணியில் வழுவழுவென்று ஒட்டியது. ஊரில் சண்டைக் காலத்தில், கரண்ட் இல்லாத வருடங்களில், மண்ணெண்ணெய் லாம்புக் கண்ணாடி துடைத்துத் துடைத்தே என் விரல்கள் கறுத்துக் கிடந்தன. மூச்சு முட்டுகிற நெருப்புத்தான் அப்படிக் கரியைக் கக்கும். அதை என் விரல் மறக்கவில்லை.

துடைத்தேன். கண்ணாடி பளபளத்தது. அடுத்த நாளும் இருந்தது. துடைத்தேன்.

ஹீட்டர் காற்று வரும் துவாரத்தைச் சுற்றித்தான் அது கனமாகப் படிந்தது. குளிர் கூடக் கூட ஹீட்டரும் கூடியது, யன்னல்கள் இறுக மூடின, துணி கறுத்தது. ஓட்டுநர் இறங்கும்போது நெற்றியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சாப்பிடக் கொண்டுவந்த பாணைத் தொடாமல் வைத்தார். முகம் மட்டும் நல்ல சிவப்பாக இருந்தது.

“கிழவன் காலமையே வைன் அடிக்கிறான் போல, நல்ல நிறம் வந்திட்டுது,” என்று எங்கள் செஃப் சிரித்தான். செஃப் என்றால் துப்புரவு வேலைக்குப் பொறுப்பானவன், எங்கள் ஊர்ப் பக்கத்துப் பொடியன்தான். இங்கேயே படித்தவன், அவர்கள் பாஷை தண்ணீர் மாதிரிப் பேசுவான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாள் சொல்லை வாய்க்குள் உருட்டிவிட்டுச் சொன்னேன். “தம்பி, வண்டிக்கு உள்ளுக்க கரி படியுது.”

“கரி படியிறதுக்குத்தானே அக்கா உங்களை வச்சிருக்கு!”

“அப்பிடியில்லை. ஹீட்டருக்காலை வருது.”

“நீங்கள் எப்ப அக்கா மெக்கானிக் படிச்சனீங்கள்? வியாழக்கிழமை உண்மையான மெக்கானிக் வாறார். கண்ணாடியில அவர் முகம் பாத்துச் சீப்பாலை தலை இழுக்க வேணும். அந்தமாதிரி மினுக்கி விடுங்கோ.”

மினுக்கினேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மெக்கானிக் மாதத்துக்கு ஒருக்கா வருகிறவர். அறைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார், ஏதோ எழுதினார். தலையிடி என்று ஓட்டுநர் நெற்றியைத் தொட்டுக் காட்டியதும் தோளில் தட்டினார். இறங்கும்போது என்னைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

“உங்களைப் புகழுறார் அக்கா. இருபது வருசத்தில இப்பிடிச் சுத்தமா ஒரு வண்டி காணேல்லையாம்,” என்றான் செஃப்.

அன்று பஸ்ஸில் சந்தோசமாகத்தான் போனேன். பூம்ப்ளிஸில் இறங்கும்போது சந்தோசம் போய்விட்டது. மெக்கானிக் பார்க்க வேண்டியதை நான் வாளித் தண்ணீரில் ஊற்றிவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது. விளங்கியும் மற்ற நாட்களிலும் துடைத்தேன், வேலை அது.

தைப்பொங்கல் கழிந்த கிழமை ஒரு நாள் வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கினார், பார்சல் இறக்கினார்கள், திரும்பிப் போகும் நேரமும் வந்தது. போவதென்றால் மற்ற முனை அறைக்குப் போக வேண்டும். அவர் வந்த அறைக்குள்ளேயே ஏறி இருந்தார். அந்தப் பக்கம் தண்டவாளம் முடிந்து சுவர்தான் நின்றது. சுவரைப் பார்த்துக்கொண்டு கைபிடியில் கை வைத்தார். நான் கண்ணாடியைத் தட்டினேன். என்னைப் பார்த்தார். யார் என்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்தே எழும்பி மற்றப் பக்கம் போனார்.

மெக்கானிக் மறுபடி வர மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் நான் அந்தக் கண்ணாடியைத் தொடவில்லை. யன்னலை மட்டும் திறந்து விட்டேன். ஓட்டுநர் குளிரில் மூடினார். பார்சல் மட்டை ஒன்றை மடித்து யன்னலுக்குள் செருகினேன். அதை எடுத்து ஒழுங்காக ஆசனத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். கையைப் பிடித்து இறக்கியிருக்கலாம். வேலைத்தலத்தில் கூச்சல் போட்டிருக்கலாம். நான் மட்டை செருகினேன்.

மூன்றாம் நாள், பதினொரு மணிக்கு முன்பு, செஃப் வந்தான். “அக்கா, முந்தநாளும் நேற்றும் நீங்கள் உள்ளுக்க துடைக்கேல்லையோ? கண்ணாடி பாத்தன், அடுப்படி மாதிரிக் கிடக்கு. இண்டைக்கு மெக்கானிக் வாற நாளெல்லோ. வண்டி வந்த உடன துடையுங்கோ.”

“மாட்டன்.”

“என்ன?”

“அவர் பாக்கட்டும். நான் துடைக்க மாட்டன்.” துணியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

“அக்கா, சுத்தமில்லை எண்டு ஒரு கடிதம் வந்தால் எங்கள் எல்லாருக்கும் வேலை போகும், தெரியுமோ?”

“தெரியும்.”

மெக்கானிக் வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொரு மணி ஆனது. வண்டி வரவில்லை. கால் மணி நேரம் போனது. சுரங்கத்துக்குள்ளிருந்து எஞ்சின் சத்தம் மட்டும் வந்தது, கிட்ட வராமல் ஒரே இடத்தில் நின்று உறுமியது. ஓட்டுநர் கால் வைத்து மிதித்துக்கொண்டிருக்கும் மிதி ஒன்று உண்டு. கால் விலகினால் வண்டி தானாக நின்றுவிடும். மெக்கானிக் அதை நினைத்திருக்க வேண்டும். ஓடத் தொடங்கினார். செஃப்பும் பின்னால் ஓடினான். நான் வாளியோடு நடந்தேன். வாளி எதற்கென்று தெரியாது.

வண்டி சுரங்க வாயிலில் நின்றது, முகம் வெளியே, உடம்பு உள்ளே. முன் கண்ணாடி முழுக்கக் கறுப்பு. நடுவில் உள்ளங்கை அளவு மட்டும் வெளிச்சம். தண்டவாளம் தெரிய வேண்டுமென்று சட்டைக் கையால் ஓட்டுநரே துடைத்திருந்தார்.

இரண்டு பேருமாக அவரை இறக்கிப் பனியில் கிடத்தினார்கள். மூச்சு இருந்தது. கை மட்டும் அசைந்தது. அம்புலன்ஸ் போன பிறகு மெக்கானிக் அறைக்குள் ஏறி, விரலால் கண்ணாடியில் ஒரு கோடு இழுத்து, விரலைப் பார்த்தார். பிறகு செஃப்பிடம் ஏதோ கேட்டார்.

“எவ்வளவு நாளாக் கரி படியுது எண்டு கேக்கிறார்.”

“உறைபனி தொடங்கின நாள் தொட்டு. நான் துடைச்சனான் எண்டு சொல்லு. போன முறை அவர் வரேக்கையும் துடைச்சனான் எண்டு சொல்லு.”

செஃப் என்னைப் பார்த்தான். முகத்தில் பகிடிச் சிரிப்பு ஒன்றும் இல்லை. நான் அவ்வளவு சொன்னதற்கு மெக்கானிக்கிடம் திரும்பி இரண்டே இரண்டு சொல் சொன்னான். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

ஹீட்டருக்குள் போன எஞ்சின் புகைக்குழாய் வெடித்து, நச்சுப் புகை அறைக்குள் வந்ததாம். வண்டியைத் திருத்தவில்லை. மாசியில் இன்னொரு எஞ்சின் வந்து இழுத்துக்கொண்டு போனது. பார்சல் இப்போது லொறியில் போகிறது.

பங்குனியில் ஓட்டுநர் வந்தார். சாதாரண உடுப்பு, மனைவி கையைப் பிடித்திருந்தார். மெல்ல நடந்தார், சொல்லைத் தேடித் தேடிக் கதைத்தார். எல்லாருக்கும் கை கொடுத்தார். எனக்குத் தோடம்பழப் பை ஒன்றைத் தந்து, செஃப்பைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார்.

“உங்களுக்கு நன்றி சொல்லுறார் அக்கா,” என்றான் செஃப், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. “வண்டியை எப்பவும் சுத்தமா வச்சிருந்ததுக்கு.”

நன்றி சொன்னால் திருப்பிச் சொல்ல அந்தப் பாஷையில் எனக்கு ஒரு சொல் தெரியும். அதைச் சொன்னேன்.