ஏர் ஃப்ரையரும் இரண்டு ராகு காலமும்: பிரிகிறவர்கள் நடுவில் நான்

கல்யாணத்துக்குத் தரகர் இருப்பதுபோல, பிரிவதற்கும் நடுவில் ஒருவர் உண்டு. அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பவள் நான். ஜாலான் புசாரில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் எங்கள் அலுவலகம். மீடியேட்டர் மிஸஸ் லிம் தீர்ப்புச் சொல்லமாட்டார். இருவரையும் பேசவைப்பார், முடியாவிட்டால் தனித்தனி அறையில் கேட்பார், ஒத்துக்கொண்டதை எழுதி வாங்குவார். அது நீதிமன்றத்துக்குப் போய் உத்தரவாகும்.

மூன்று வருடமாக இதைப் பார்த்துச் சிரித்த எனக்கே போன மாதம் முறை வந்தது. என் இரண்டரை வயது நிலாவை வாரத்தில் பாதி நாள் இரவு தன்னிடம் விடச்சொல்லி என் கணவர் பிரகாஷ் கேட்டிருந்தார். அவள் பக்கத்தில் இல்லாத படுக்கையை நினைத்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுவேன். என்னைப்போல் பயந்துகிடக்கும் அம்மாக்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பாதி அழுகை

எங்களுடையது தனியார் அலுவலகம். மணிக்கணக்கில் கட்டணம், ஆளுக்குப் பாதி. குறித்த நேரம் தாண்டினால் மேலே கட்டவேண்டும். பூன் லேயிலிருந்து வந்த ஒரு மனைவி, உட்கார்ந்ததுமே அழ ஆரம்பித்தார். கணவர் கைக்கடிகாரத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். கால் மணி நேரம் ஆனதும் பொறுக்கவில்லை. "வீட்டுலயே அழுதுட்டு வந்திருக்கலாம்ல? நீ அழுறதுக்குப் பாதிக் காசு நான் கட்டுறேன்!"

அந்த அம்மா மூக்கைச் சிந்தி, டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் தள்ளினார். "என் பாதிய அழுது முடிச்சுட்டேன். உங்க பாதிய நீங்க அழுங்க."

விட்டுக்கொடுத்த பொருள்

தனி அறையில் ஒருவர் சொல்வதை, அவர் அனுமதி இல்லாமல் மற்றவரிடம் சொல்லக்கூடாது. வீடு, சேமிப்பு எல்லாம் சுமுகமாகப் பிரித்துக்கொண்ட ஒரு ஜோடி, ஏர் ஃப்ரையரில் வந்து முட்டிக்கொண்டது. கணவர் தனியாகச் சொன்னார்: "எனக்கு அது வேணாம் சிஸ்டர். அவ விட்டுக்குடுக்குறாளான்னு பாக்கணும், அவ்வளவுதான்." அடுத்த அறையில் மனைவி சொன்னார்: "அது ரிப்பேர் லா. அவருக்குத் தெரியாது. ஆனா சும்மா எப்படித் தூக்கிக் குடுக்குறது?"

இரண்டு ரகசியத்தையும் வாயில் அடைத்துக்கொண்டு, மிஸஸ் லிம்மும் நானும் அரை மணி நேரம் இரண்டு அறைக்கும் நடந்தோம். கடைசியில் மனைவி, மகா பெருந்தன்மையோடு, "எடுத்துக்கட்டும்" என்றார். கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எட்டு வருஷத்துல முதல் தடவையா எனக்கு ஒண்ணு விட்டுக்குடுத்திருக்கா. பத்திரமா வச்சுக்குவேன், சிஸ்டர்."

இரண்டு ராகு

ஒரு வெள்ளிக்கிழமை. கணவர் தஞ்சாவூரிலிருந்து வேலைக்கு வந்தவர், மனைவி இங்கேயே பிறந்தவர். பேசவேண்டியதெல்லாம் பேசி முடித்து, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தால், "பத்தரையிலேருந்து பன்னெண்டு ராகு காலம், பொறுங்க" என்றார் மனைவி. கணவர் சிரித்தார். "அது எங்க ஊர் நேரம். இந்த ஊர்க் கடிகாரம் ரெண்டரை மணி நேரம் முந்தி. இங்க மணி ஒண்ணுலேருந்து ரெண்டரை."

பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை இருவருக்குமே நல்ல நேரம். அந்த ஒரு மணி நேரமும், ராகு எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்ப்பார் என்று சண்டை போட்டே தீர்த்தார்கள். மணி ஒன்றடித்ததும் கணவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கல்யாணத்துக்கு எந்த ஊர் நேரம் பார்த்தீர்கள்?" என்று மிஸஸ் லிம் கேட்க, நான் தமிழில் சொன்னேன். மனைவி தலையைக் குனிந்துகொண்டார். "அதுக்குப் பாக்கலியே. ஓடிப்போய்ப் பண்ணிக்கிட்டோம். அதான் இதையாவது ஒழுங்கா பண்ணுவோம்னு."

எட்டரை மணி

என் அலுவலகத்திலேயே என் வழக்கைப் பேசமுடியாது. சின்னப் பிள்ளை இருப்பதால் நீதிமன்றமே பேச அழைத்தது, கட்டணம் கிடையாது. அங்கே மீடியேட்டராக இருந்த தமிழ் மேடம் ஆளுக்கொரு ஃபாரம் கொடுத்தார். 'குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கும்?' நிலா பதினோரு மணிக்கு முன்னால் தூங்கியதாகச் சரித்திரமே இல்லை. அதை எழுதினால் பொறுப்பில்லாத அம்மா என்று பிடுங்கிக் கொடுத்துவிடுவார்களோ? கான்வென்ட் சிஸ்டர்களிடம் பத்து வருடம் படித்தவள், மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே 'எட்டரை' என்று எழுதினேன்.

பிறகு பேச்சு. என் முறை வந்தபோது, மற்றவர்களுக்காக ஆயிரம் தடவை சொன்ன ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. "என்கிட்டயே இருக்கட்டுமே" என்று மட்டும் சொன்னேன். பிரகாஷ் என்னைப் பார்த்தார். பிறகு மேடத்திடம், "பாதியெல்லாம் வேணாம் மேடம். சனிக்கிழமை ஒரு ராத்திரி போதும். வீடியோ கால்ல பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு. நேத்துக்கூட பத்தே முக்காலுக்குக் கட்டில் மேல ஏறி எனக்கு டான்ஸ் ஆடிக் காட்டினா" என்றவர், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மேடம் இரண்டு ஃபாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிரகாஷின் ஃபாரத்திலும் அதே எட்டரை. "பரவாயில்லையே, பேசி வச்சுக்காமலே ரெண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கீங்க. உங்களை நம்பிப் பிள்ளையை விடலாம்."

சனிக்கிழமை இரவு அவருக்கு, மற்ற ஆறும் எனக்கு என்று கையெழுத்துப் போட்டு வெளியே வரும்போதுதான் புரிந்தது, நல்லபடியாகப் பிரிவதற்கும் கொஞ்சம் மனப்பொருத்தம் வேண்டியிருக்கிறது.